உறைவிடப் பள்ளியில் ‘ஹவுஸ்’ பிரிவு: போட்டி அணிகளாகப் பிரிப்பது பிள்ளைகளுக்குக் கெடுதலா?

சென்னையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த எந்தப் பெற்றோருக்கும் ‘ஹவுஸ்’ என்ற ஏற்பாடு புதிதன்று. சேர்க்கை முடிந்த சில நாட்களில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என ஏதாவது ஒரு நிறம் ஒதுக்கப்படுகிறது. அந்த நிறத்தில் ஒரு டி-ஷர்ட் வாங்குகிறோம். வாரத்தில் ஒரு நாள் வெள்ளைக் கான்வாஸ் காலணியோடு பிள்ளை அதை அணிந்து செல்கிறது. ஆண்டு விளையாட்டு விழாவில் அந்த நிறக் கொடியின் பின்னால் அணிவகுத்து நடக்கிறது. பெரும்பாலான வீடுகளில் இதைப் பற்றி இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் எழுவதில்லை. ஆனால் அதே பிள்ளையை ஊட்டியிலோ ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ உள்ள உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது, அந்த ஏற்பாடு அதன் வாழ்க்கையில் பிடித்துக்கொள்ளும் இடம் பன்மடங்கு பெரிதாகிவிடுகிறது. மாணவர்களை ‘ஹவுஸ்’ எனப்படும் இல்லங்களாகப் பிரித்து ஒன்றோடொன்று போட்டியிட வைப்பது அவர்களுக்குக் கெடுதலா என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிப்பதனால் மட்டும் தீங்கு வருவதில்லை. பிள்ளை தூங்கி எழும் இல்லமும் அது போட்டியிடும் அணியும் ஒன்றாகவே இருக்கும்போதுதான் தீங்குக்கு வழி பிறக்கிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் இந்த வேறுபாடு தெளிவாகும். இங்கிலாந்தின் ஈட்டன், ஹாரோ போன்ற பழைய உறைவிடப் பள்ளிகளில் மாணவர்கள் அனைவரும் ஒரே கட்டடத்தில் தங்கவில்லை. தனித்தனி விடுதி வீடுகளில் தங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருந்தார். ஹாரோவில் இன்றும் 12 இல்லங்களும் ஈட்டனில் 25 இல்லங்களும் உள்ளன. ஆக, தொடக்கத்தில் இது பிள்ளை எங்கே உறங்குகிறது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற ஏற்பாடு மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பள்ளிகளில் விளையாட்டுக்குப் பெரும் மதிப்பு வந்தபோது, ஏற்கெனவே பிரிந்து கிடந்த இல்லங்கள் அப்படியே போட்டி அணிகளாகவும் ஆயின. பிற்காலத்தில் பகல்நேரப் பள்ளிகள் இதைப் பின்பற்றியபோது படுக்கையையும் பராமரிப்பையும் விட்டுவிட்டு, நிறத்தையும் புள்ளிப் பட்டியலையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

இந்தியாவுக்கு இரண்டு வடிவங்களும் வந்து சேர்ந்தன. 1875-இல் அஜ்மீரில் தொடங்கப்பட்ட மேயோ கல்லூரியில் சமஸ்தானங்களின் பெயரிலேயே விடுதிகள் எழுந்தன. 1935-இல் டேராடூனில் தொடங்கிய டூன் பள்ளியின் முதல் தலைமையாசிரியர் ஆர்தர் ஃபுட், ஈட்டனில் ஆசிரியராக இருந்து வந்தவர். மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான நவோதயா பள்ளிகளில் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைகளின் பெயரால் மாணவர்களைப் பிரிக்கிறார்கள். நம் ஊர்த் தனியார் பள்ளிகளில் நிறங்களோடு சேர, சோழ, பாண்டிய, பல்லவப் பெயர்களும் உண்டு. தமிழக அரசுப் பள்ளிகளில் 2024-இன் இறுதியில் ‘மகிழ் முற்றம்’ என்ற திட்டம் வந்து, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களை உருவாக்கியது. மன்னர் குலப் பெயர்களைச் சாதி அமைப்புகள் தத்தமக்கென உரிமை கொண்டாடும் இந்த மாநிலத்தில், ஐந்திணைப் பெயர்களைத் தேர்ந்தது விவேகமான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்த முறையே வேண்டாம் என்பவர்கள் ஓர் உண்மையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஐந்நூறு, அறுநூறு பேர் தங்கும் வளாகத்தில் பத்து வயதில் வந்து சேரும் பிள்ளை, ஐம்பது அறுபது பேர் கொண்ட ஓர் இல்லத்தில் இருந்தால்தான் யார் கண்ணிலாவது படும். இரண்டு நாட்களாக ஒரு சிறுவன் காலை உணவை அளைந்துவிட்டு எழுந்து போகிறான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் தொலைபேசியில் பேசி முடித்தபின் குளியலறைக்குள் போனவன் நெடுநேரம் வெளியே வரவில்லை. இவற்றைக் கவனிக்க, அவன் பெயரும் ஊரும் வழக்கங்களும் தெரிந்த, இல்லத்துக்குப் பொறுப்பான ஆசிரியராகிய ஒரு ஹவுஸ் மாஸ்டரும், இரவு விளக்கணைக்க வரும் ஒரு மேட்ரனும் வேண்டும். வீட்டில் கூடப்பிறந்தவர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடவும் டை கட்டக் கற்றுக்கொடுக்கவும் ஓர் அக்காவோ அண்ணனோ கிடைப்பதும் இல்லத்தில்தான். போட்டியிலும் நன்மை இல்லாமல் இல்லை. பள்ளி அணியில் இடம்பெறத் திறன் போதாத பிள்ளைகள் இல்ல அணியில் ஆடுகிறார்கள். மேடை ஏறப் பயந்தவர்கள் இல்லத்துக்காக வினாடி வினாவில் பேசுகிறார்கள்.

இனி இதன் மறுபக்கத்தைப் புரிந்துகொள்ள உளவியலின் ஓர் அடிப்படைக் கருத்து தேவை. மனிதர் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று கருதும் கூட்டத்தை உள்குழு என்றும், சேராதவர்களை வெளிக்குழு என்றும் உளவியலாளர்கள் அழைக்கிறார்கள். உள்குழுவுக்குச் சாதகமாக நடந்துகொள்ள நமக்கு எவ்வளவு வலுவான காரணம் தேவைப்படுகிறது என்று ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் அறிய விரும்பினார். போலந்தில் பிறந்த யூதரான அவர், இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதியாக இருந்து உயிர் தப்பியவர். குடும்பத்தை நாஜிகளின் யூதப் படுகொலையில் இழந்தவர். ஆகவே இந்தக் கேள்வி அவருக்கு வெறும் ஆய்வுப் பொருளாக இருந்திருக்க முடியாது. 1970-இல் வெளியான அவருடைய ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரே பள்ளியில் படித்த, ஒருவரையொருவர் நன்கு அறிந்த பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பங்கேற்றார்கள். திரையில் தோன்றிய புள்ளிகளை எண்ணிச் சொல்லச் செய்து, எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவர், குறைத்துச் சொன்னவர் என இரு குழுக்களாகப் பிரிப்பதாகக் கூறினார்கள். உண்மையில் குலுக்கல் போலத்தான் பிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவனும் தனியே அமர்ந்து, பெயர் தெரியாத மற்ற இருவருக்குச் சிறு தொகைகளைப் பங்கிட வேண்டும். தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் தெரியாது. அவன் எந்தக் குழு என்பது மட்டுமே தெரியும்.

பையன்கள் தம் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். இது எதிர்பார்க்கக்கூடியதே. கவலை தரும் செய்தி அதற்கு அடுத்தது. தம் குழுவுக்கு அதிகத் தொகை கிடைக்கும் ஒரு வழியும், தம் குழுவுக்குச் சற்றுக் குறைந்தாலும் எதிர்க்குழுவைவிட அதிக வித்தியாசத்தில் முந்தி நிற்கும் ஒரு வழியும் முன்னால் இருந்தபோது, பலர் இரண்டாவது வழியின் பக்கம் சாய்ந்தார்கள். நமக்கு நல்லது நடப்பதைவிட அவர்களை விஞ்சி நிற்பது முக்கியம் என்ற மனநிலை, அர்த்தமே இல்லாத ஒரு பெயர்ப்பலகையால் சில நிமிடங்களில் உண்டாகிவிட்டது. பழைய பகையோ, முகம் பார்த்த பழக்கமோ, இழந்து தவித்த பரிசோ எதுவுமே அதற்குத் தேவைப்படவில்லை.

போட்டியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு காட்டியது. பதினொரு வயதை ஒட்டிய 22 பையன்கள் கோடை முகாமுக்கு அழைத்துவரப்பட்டார்கள். இரு குழுக்களாகத் தனித்தனியே தங்கவைக்கப்பட்டார்கள். முதல் வாரம் ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிறகு கயிறு இழுத்தல், பேஸ்பால் என்று போட்டிகள் வைத்து, வென்ற குழுவுக்குக் கோப்பையும் பேனாக்கத்திகளும் பரிசென்று அறிவித்தார்கள். சில நாட்களில் ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது. இரவில் அடுத்த குழுவின் குடிலுக்குள் புகுந்து பொருட்களைக் கலைத்தார்கள். எதிரணியோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் மறுத்தார்கள். அவர்கள் அனைவரும் ஒழுங்கான குடும்பங்களிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன்கள் என்பதை மறக்கக்கூடாது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பலரும் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைச் சொல்வதில்லை. எனக்கோ அதுதான் பெற்றோர் அறிய வேண்டிய பகுதியாகத் தோன்றுகிறது. 1953-இல் நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் இதே முயற்சியைச் செய்தார். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, நட்பு உண்டான பிறகு பிரித்தார்கள். ஆய்வாளர்களே ரகசியமாகத் தூண்டிவிட்டும் பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் பாயவில்லை; பெரியவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். ஆய்வு பாதியில் கைவிடப்பட்டது. அதாவது, பிரிவுக்கு முன் பிறந்த நட்பு பிரிவைத் தாங்கி நின்றது.

பெரியவர்களின் பங்கு எவ்வளவு என்பதை 1997-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நேரடியாகக் காட்டுகிறது. ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தோரும் அமெரிக்கக் கோடைப் பள்ளி ஒன்றில் தொடக்கநிலை மாணவர்களுக்கு மஞ்சள், நீல டி-ஷர்ட்டுகளைக் கொடுத்துச் சில வாரங்கள் அணிய வைத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பயன்படுத்தி வரிசையில் நிறுத்தினார்கள், இடம் ஒதுக்கினார்கள், நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மற்ற வகுப்புகளில் டி-ஷர்ட் மட்டும் இருந்தது, ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில் பிள்ளைகள் தம் நிறத்தாரையே உயர்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள். கண்டுகொள்ளாத வகுப்புகளில் அந்தச் சாய்வு உருவாகவில்லை. ‘ரெட் ஹவுஸ் எல்லாம் இந்தப் பக்கம் வா’ என்று நாளுக்குப் பத்து முறை கூப்பிடும் ஆசிரியருக்கு இந்த ஆய்வு நேரடியாகவே பொருந்துகிறது.

இவையெல்லாம் எங்கோ வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. சென்னைக் கல்லூரி மாணவர்களிடையே பல ஆண்டுகளாக நீடிக்கும் ‘ரூட்டு தல’ மோதல்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில்கூடப் படிக்கும் மாணவர்கள், எந்தத் தடத்துப் பேருந்தில் வருகிறார்கள் என்பதை வைத்துக் கூட்டமாகிறார்கள். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகரப் பேருந்தை மறித்து, ஒரு தடத்து மாணவர்கள் இன்னொரு தடத்து மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். இந்தப் பிரிவை எந்தக் கல்லூரியும் உருவாக்கவில்லை, தடுக்கவும் முடியவில்லை. தென் மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதியைக் காட்டும் அடையாளங்களாக மாறின. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அத்தகைய கயிறுகளுக்கும் அடையாளங்களுக்கும் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. இவ்வளவையும் பார்த்த ஒரு மாநிலம், பிள்ளைகளுக்கு நிறம் கொடுத்துப் பிரிப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதே சமயம், குலுக்கல் முறையில் சரியாகக் கலந்து அமைக்கப்படும் இல்லம், வெவ்வேறு சாதிப் பிள்ளைகளை அடுத்தடுத்த படுக்கையில் படுக்க வைத்து, ஒரே பக்கம் நின்று விளையாடவும் வைக்கும் என்பதும் உண்மைதான்.

இப்போது உறைவிடப் பள்ளிக்குத் திரும்பலாம். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இல்லங்களுக்கு இடையிலான தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடுகிறான். கோலைக் கைமாற்றும்போது அது நழுவி விழுகிறது. இல்லம் கடைசி இடத்துக்குப் போகிறது. அவன் சென்னைப் பள்ளி ஒன்றில் படிப்பவனாக இருந்தால், மாலை நான்கு மணிக்கு வேனில் ஏறுகிறான். வழியில் இரண்டு பேர் திட்டுவார்கள். வீட்டில் பாட்டி கொடுத்த பாலைக் குடித்துவிட்டுத் தெருவில் கிரிக்கெட் ஆடப் போகிறான். அங்கே அவனோடு ஆடுபவர்களுக்கு அவன் எந்த ஹவுஸ் என்பதே தெரியாது. உறைவிடப் பள்ளியில் அதே சிறுவன் மைதானத்திலிருந்து அதே இல்லத்துக்குத்தான் நடந்து போக வேண்டும். குளிக்க வரிசையில் நிற்கும்போது முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் அதே அணி. மெஸ்ஸில் இல்லத்துக்கென ஒதுக்கிய மேசையில், சாம்பார் வாளியை நகர்த்தித் தர வேண்டிய அண்ணன்தான் ஓட்டத்தில் கடைசியாக ஓடியவன். இரவு படிக்கும் நேரத்திலும் அவர்களே, விளக்கணைந்த பிறகு பக்கத்துப் படுக்கையிலிருந்து வரும் முணுமுணுப்பும் அவர்களுடையதே. ஆறுதல் சொல்ல வேண்டிய ஹவுஸ் மாஸ்டரும் கோப்பை கைநழுவிப் போன வருத்தத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி நேரம் வரை அந்தப் பிள்ளைக்கு வெளியே போக ஒரு கதவு இல்லை.

உறைவிடப் பள்ளியில் போட்டி மனப்பான்மை மிகுந்த இல்லம் கடுமையாக வலிப்பதற்குக் காரணம் இதுவே. பகல்நேரப் பள்ளி மாணவனுக்கு உறவினர், தெரு, கோயில், டியூஷன், மாடிவீட்டு நண்பன் என்று பல வட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் அவமானப்பட்டால் மற்றொன்றில் தலைநிமிரலாம். உறைவிடப் பள்ளியில் இத்தனையையும் ஒரே இல்லம் விழுங்கிவிடுகிறது. அதன்மேல் போட்டியையும் ஏற்றினால், தோற்ற பிள்ளை எதிரணியிடம் அடிபடுவதைவிடத் தன் சொந்த இல்லத்திடமே அதிகம் அடிபடுகிறது. இல்லங்களுக்கு இடையே வரும் பகையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இல்லத்துக்குள் வரும் இந்த நெருக்கடியை நான் அதைவிடப் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

இதை இன்னும் மோசமாக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பல பள்ளிகள் விளையாட்டு, கலைப் போட்டிகளோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒழுக்கத்துக்கும் புள்ளி போடுகின்றன. படுக்கை விரிப்பு சரியில்லை என்றால் இல்லத்துக்கு ஐந்து புள்ளி குறைவு. ஒருவன் வணக்கக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் பத்துக் குறைவு. ஆசிரியர் பிரம்பை எடுக்கத் தேவையில்லாததால் இது மென்மையான முறையாகத் தோன்றுகிறது. ஆனால் தண்டிக்கும் வேலை அறுபது மாணவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்பதே உண்மை. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் இன்னும் விடாத ஒரு பத்து வயதுப் பிள்ளையால் இல்லத்துக்குப் புள்ளி போனால், அன்றிரவு அந்தப் பிள்ளைக்கு என்ன நேரும் என்று யோசித்தால் போதும். உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆசிரியர் நேரடியாகச் செய்யாமல் புள்ளிப் பலகையின் வழியாகச் செய்வித்தால் அந்தத் துன்புறுத்தல் இல்லாமல் போய்விடாது. மூத்த மாணவர்களுக்குக் கேப்டன், பிரிஃபெக்ட் என்று பதவி கொடுத்து, இளையவர்களை ‘வழிக்குக் கொண்டுவரும்’ பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்கும் இல்லங்களில் இது ராகிங்காக மாற அதிக நாள் ஆகாது. 1997-இலேயே ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அதற்கு முந்தைய ஆண்டு விடுதியில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டது அதன் பின்னணி.

அப்படியானால் பள்ளி என்ன செய்ய வேண்டும்? தங்கும் இல்லத்தையும் போட்டி அணியையும் பிரித்துவிட வேண்டும் என்பதே என் பதில். ஒரே டார்மிட்டரியில் நான்கு அணிப் பிள்ளைகளும் கலந்து படுக்கட்டும்; அணிகளை விளையாட்டுப் பருவத்துக்கு ஒருமுறை குலுக்கல் முறையில் புதிதாக அமைக்கட்டும். அப்போது சிறுவன் மைதானத்தில் யாரோடு மோதினானோ அவனோடுதான் இரவில் கதை பேசுவான். 1953-ஆம் ஆண்டுப் பையன்களிடம் கண்டதும் இதுதான். இடப் பற்றாக்குறையாலோ கட்டட அமைப்பாலோ இது முடியாத பள்ளிகள், குறைந்தது மெஸ் மேசைகளையும் படிப்பு நேர வகுப்பறைகளையுமாவது கலந்து அமைக்கலாம். வேறெந்த மாற்றமும் செய்யாவிட்டாலும் ஒழுக்கப் புள்ளிகளை அடியோடு நிறுத்திவிடலாம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஹவுஸ் மாஸ்டரின் திறமையைக் கோப்பையை வைத்து மதிப்பிடுவதையும் நிர்வாகம் கைவிட வேண்டும்.

போட்டியால் விளைந்த பகையை ஆற்றும் வழியையும் ஷெரிஃபின் முகாமே காட்டியது. இரு குழுக்களையும் ஒன்றாகப் படம் பார்க்க வைத்தார்கள், ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள். உணவை எறிந்து சண்டையிட்டதுதான் மிச்சம். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றபோது, இரு குழுவும் சேர்ந்து அடைப்பைத் தேட வேண்டியிருந்தது. உணவு கொண்டுவரும் லாரி கிளம்பாதபோது, முன்பு ஒருவரையொருவர் இழுத்துத் தள்ளிய அதே கயிற்றைக் கட்டி எல்லோரும் சேர்ந்து லாரியை இழுத்தார்கள். இப்படிச் சில வேலைகள் ஆன பிறகு ஒரே பேருந்தில் ஊர் திரும்பலாம் என்று பையன்களே கேட்டார்கள். எந்தத் தரப்பும் தனியாகச் செய்ய முடியாத, எல்லோருக்கும் தேவையான ஒரு வேலை வேண்டும் என்பதே இதன் பொருள். பள்ளி விழாவுக்கு மேடை போடுவது, வெளியூர்ப் பள்ளியோடு மோதும் பள்ளி அணிக்கு ஆள் சேர்ப்பது, வளாகத்தில் மரம் வளர்ப்பது போன்றவற்றை இல்லங்களுக்குள் பங்கிட்டுப் புள்ளி போடாமல், கலந்த குழுக்களிடம் கொடுக்கலாம். சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்வி எண்ணங்களைப் பின்பற்றும் ரிஷிவேலி உறைவிடப் பள்ளியும் சென்னையில் உள்ள அவருடைய அறக்கட்டளைப் பள்ளியும் பரிசுகளையும் மாணவர்களை ஒப்பிடுவதையும் தவிர்த்தே பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. எல்லாப் பள்ளிகளும் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் சோம்பிவிடுவார்கள் என்ற அச்சம் வீண் என்பதற்கு அவை போதிய சான்று.

சேர்க்கைக்கு முன் பள்ளியைப் பார்க்கச் செல்லும் பெற்றோரைப் பெரும்பாலும் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியின் முன் நிறுத்திப் பேசுவார்கள். அங்கிருந்து நகர்ந்து டார்மிட்டரியையும் மெஸ்ஸையும் காட்டச் சொல்லுங்கள். புள்ளிப் பலகை எங்கே மாட்டியிருக்கிறது, அதில் எவை எவற்றுக்குப் புள்ளி குறைகிறது என்று பாருங்கள். வேறு இல்லத்து நண்பனின் அறைக்கு மாலையில் போக அனுமதி உண்டா என்று அங்கே படிக்கும் ஒரு சிறுவனிடமே கேளுங்கள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறானா, பக்கத்தில் நிற்கும் மூத்த மாணவனைப் பார்த்துவிட்டுச் சொல்கிறானா என்பதையும் கவனியுங்கள். இல்லத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் மாறிக்கொள்ள வழி இருக்கிறதா, அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று முதல்வரிடம் கேளுங்கள். அதற்கும் ஹவுஸ் மாஸ்டர் மட்டுமே வழி என்று பதில் வந்தால், இல்லத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆசிரியரையோ ஆலோசகரையோ பிள்ளைக்கு நேரில் அறிமுகப்படுத்திவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் அதன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.